ஐந்தாவது ஓட்டக்காரி

1

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், என்னால் வாசிக்க முடியாத ஒரு கடிதத்தின் கீழே கையெழுத்து வைத்தேன். அதில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பது இந்த வருடம் பங்குனி மாதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. சில மாதங்கள் போய்விட்டன. அதிர்ச்சி இன்னும் போகவில்லை. வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் குளிரையும் தனிமையையும் பற்றி எழுதுவான் என்று ஊரில் இருக்கிற நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் அவற்றைப் பற்றி நிறைய எழுதியவன்தான். இது வேறு விஷயம்.

சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பக்கம், வில் என்ற சிறு நகரத்தில் இருக்கிறேன். உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அது முடிந்தால் கழக வேலை. எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு நான்தான் நீண்ட காலமாகச் செயலாளர். உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், சிறுவர்களுக்கு ஓட்டப் பயிற்சி என்று வாரத்தில் இரண்டு நாள் நகரசபையின் மைதானத்தில் நிற்போம். கழகத்துக்கு இந்த வருடம் வெள்ளி விழா. அதற்காக மைதானத்தை இரண்டு முழு நாட்களுக்குக் கேட்டு விண்ணப்பித்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

விண்ணப்பம் திரும்பி வந்தது. நகரசபையின் விளையாட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பிராவ் கெல்லர் என்ற பெண் அதிகாரி, ஒரு புது விதியை விளக்கி எழுதியிருந்தார். மைதானம் கேட்கும் கழகங்கள் எல்லாம் தங்கள் யாப்பை, அதாவது கழக விதிகளை, டொச்சில் கொடுக்க வேண்டும். ஜெர்மன் மொழியை நாங்கள் இங்கே அப்படித்தான் சொல்வது. அத்தோடு, வேறு வேறு நாட்டையும் மொழியையும் மதத்தையும் சேர்ந்தவர்களைக் கழகம் எப்படி வரவேற்கிறது, நிர்வாகத்தில் எப்படிச் சேர்க்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். தராத கழகங்களுக்கு அடுத்த பருவத்தில் மைதானம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த டொச்சில், நாங்களே இந்த நாட்டில் வேறு ஆட்கள்தான், எங்களிடம் போய் இதைக் கேட்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். அதனால்தான் உங்களுடையதை முதலில் வாசிக்க ஆசைப்படுகிறேன் என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதோ இருக்கும் என்று நம்பியிருக்கிறார்.

யாப்பை மொழிபெயர்க்க எனக்கு ஆள் தேடத் தேவையில்லை. என் மகள் ஆரணி இருக்கிறாள். வயது இருபத்தைந்து. இங்கேயே பிறந்தவள். விளையாட்டு முகாமைத்துவம் படித்துவிட்டு, விளையாட்டுக் கழகங்களை மேற்பார்வை செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கழக நிர்வாகிகளுக்கு வகுப்பு எடுப்பதுதான் அவளுடைய வேலை. பர்தா போட்ட பிள்ளை நீச்சலுக்கு வந்தால் என்ன செய்வது, கறுப்பினப் பையனை எதிரணி ஆதரவாளர்கள் கேலி செய்தால் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும், நிர்வாகசபைக்கு வெளிநாட்டவரை எப்படிக் கொண்டுவருவது என்பதையெல்லாம் என்னைவிட வயதான சுவிஸ்காரருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். இதைச் சொல்லி நான் பலரிடம் பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் ஏன் அந்தப் படிப்பைத் தெரிவு செய்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் இப்போது தனியாக வின்ரர்தூர் நகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சில ஞாயிறுகளில் வரமாட்டாள். அந்த ஞாயிறு யாப்புக்காகவே வரச்சொன்னேன்.

2

மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். நான் பக்கத்தில் இருந்து தமிழில் வாசிக்க வாசிக்க அவள் டொச்சில் தட்டிக்கொண்டு போனாள். கழகத்தின் பெயர், நோக்கம், தலைவரின் கடமைகள் என்று விறுவிறுவென்று போனது. ஆறாவது பிரிவில் நின்றுவிட்டாள்.

அந்தப் பிரிவு இதுதான்: கழகத்தின் சார்பில் விளையாடுவோர் தமிழ்த் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்தவர்களாக இருத்தல் வேண்டும்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த வசனம் ஒன்றும் செய்யவில்லை. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றவும் என்று எழுதியிருப்பதைப் போல, எத்தனையோ தரம் பார்த்துக் கடந்து போன வசனம். பிராவ் கெல்லர் இதை வாசித்தால் சிக்கல் வரும் என்பது மட்டும் அப்போது உறைத்தது. அதனால் மகளிடம் சொன்னேன்.

"பிள்ளை, அதை டொச்சில கொஞ்சம் மாத்தி எழுதன். தமிழ்ப் பண்பாட்டில ஆர்வம் உள்ளவை எண்டு போட்டால் காணும்."

அவள் கையை விசைப்பலகையில் இருந்து எடுத்துவிட்டாள்.

"ஒருக்கா மாத்தி எழுதினனான் அப்பா. இனி எழுத மாட்டன்."

எனக்கு விளங்கவில்லை. எதை மாற்றி எழுதினாள், எப்போது என்று கேட்டேன். செலாமுக்கு அனுப்பின கடிதம் என்றாள்.

செலாம் யார் என்று ஒரு நிமிடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

3

அந்த ஆறாவது பிரிவு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். எழுதியது நான்தான். 2009ஆம் ஆண்டு வைகாசி மாதம் முடியும் நேரம். ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கழகக் கூட்டம். கூட்டம் என்று சொல்ல முடியாது. வந்தவர்கள் கதிரைகளில் இருந்தார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. என் அக்காவின் குடும்பம் வன்னியில் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாத நாட்கள். பக்கத்தில் இருந்தவருக்குத் தம்பி. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு எல்லோரும். அந்த வருடம் விளையாட்டு விழா வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் கூடியிருந்தோம்.

எங்கள் தலைவர் குணம் அண்ணை எழுந்து, அங்கே எல்லாம் முடிந்துவிட்டது, இங்கேயாவது நாங்கள் கரைந்து போகாமல் இருக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் தமிழராக ஒன்றுகூட ஓர் இடமாவது மிஞ்ச வேண்டும், அதை யாப்பிலேயே எழுதிவிடுவோம் என்றார். நான் கடதாசியை எடுத்து அந்த வசனத்தை எழுதி வாசித்தேன். ஒருவர் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டிய ஒன்றாக அது யாருக்கும் தோன்றவில்லை. யாரையும் வெளியே தள்ளுவதற்காக அதை எழுதவில்லை என்று இப்போதும் சத்தியம் செய்வேன். யார் வெளியே நிற்பார்கள் என்று யோசித்துப் பார்க்கவும் இல்லை.

மூன்று வருடம் கழித்து ஆரணிக்குப் பதின்மூன்று வயது. வகுப்புத் தோழி ஒருத்தியை ஓட்டப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். எரித்திரியாவில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அவள்தான் செலாம். நீண்ட கால், குறைந்த பேச்சு. எங்கள் பெண்பிள்ளைகளோடு ஒட்டிவிட்டாள். பயிற்சி முடிந்து நாங்கள் கொடுக்கும் மீன் ரோல்ஸை எல்லோருக்கும் முதல் சாப்பிட்டு முடிப்பாள். இரண்டு மூன்று மாதத்தில் "வா", "ஓடு", "காணும்" எல்லாம் தமிழில் சொல்லத் தொடங்கினாள். என் மனைவிக்கு அவளில் நல்ல பிரியம்.

பல நகரத்துத் தமிழ்க் கழகங்களும் வரும் அந்த வருட விளையாட்டு விழாவில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களின் அஞ்சலோட்டத்துக்கு, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கோலை வாங்கி ஓடும் ஓட்டத்துக்கு, நான்கு பேரைத் தெரிவு செய்ய வேண்டும். பிள்ளைகளைத் தனித்தனியாக ஓடவிட்டு நான் நேரம் எடுத்தேன். யாருக்கும் நேரத்தைச் சொல்லவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் மனம் கோணக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு பழக்கம் வைத்திருந்தேன். செலாம்தான் முதலாவது. இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கண்டு, கடிகாரம் பிழையோ என்று ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

பெயர்ப் பட்டியல் போனதும் இன்னொரு நகரத்துக் கழகம் முறைப்பாடு செய்தது. தமிழர் விழாவில் ஆபிரிக்கப் பிள்ளையை ஓடவிட்டு வெல்லப் பார்க்கிறார்கள் என்று. எங்கள் நிர்வாகசபை கூடியது. யாப்பில் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். செலாமின் தாய் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்திருந்தபடியால், மறுப்பையும் எழுத்தில் கொடுப்பதுதான் ஒழுங்கு என்று முடிவானது.

செயலாளர் நான். எனக்கு டொச் எழுத வராது. அந்தக் காலத்தில் வரி அலுவலகம், விசா அலுவலகம், வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் என்று எங்கள் வீட்டிலிருந்து போன கடிதங்கள் எல்லாவற்றையும் ஆரணிதான் எழுதினாள். அதையும் அவளையே எழுதச் சொன்னேன். எங்கள் யாப்பின்படி தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள் மட்டுமே ஓடலாம், வருந்துகிறோம் என்று தமிழில் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஏதாவது சொன்னாளா, முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. தட்டினாள், அச்செடுத்தாள், கொண்டுவந்தாள். நான் கையெழுத்து வைத்தேன். முத்திரை ஒட்டி அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன்.

செலாம் பிறகு வரவில்லை. அஞ்சலோட்டத்தில் எங்கள் பிள்ளைகள் நான்காவதாக வந்தார்கள். மழை பெய்து விழா பாதியில் நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை.

4

"அப்ப என்ன எழுதினனீ?" என்று மகளைக் கேட்டேன்.

"அவள் ஐந்தாவது எண்டு எழுதினனான். நேரம் பார்த்ததில நாலு பேர் அவளை விட வேகம், அணியில நாலு பேருக்குத்தான் இடம், அடுத்த வருசம் முயற்சி செய்யட்டும் எண்டு."

குசினியில் தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. மனைவி வந்து அதை மூடிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நீ தமிழ்ப்பிள்ளை இல்லை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லையாம். அடுத்த நாள் காலை அதே வகுப்பில், அதே மேசையில் செலாமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தன்னுடைய அப்பா அப்படிப்பட்ட ஆள் என்று செலாம் நினைத்துவிடக் கூடாது என்றும் யோசித்தாளாம். வேகம் போதாது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதானே, அது அவ்வளவு நோகாது என்று அந்த வயதில் நினைத்திருக்கிறாள்.

கடிதம் போய்ச் சேர்ந்த கிழமை செலாம் வகுப்பில் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் உடற்பயிற்சிப் பாடத்தில் ஓடச் சொன்னால் கால் நோகிறது என்று ஓரத்தில் போய் நின்றாளாம். ஓட்டப் பயிற்சி கொடுக்கும் நகரத்து மெய்வல்லுநர் கழகத்தில் சேர்வதாக இருந்தவள் சேரவில்லை. ஆரணியால் அவளோடு முன்னர்போலக் கதைக்க முடியவில்லை. மேசையை மாற்றிக் கேட்டாள். அடுத்த வருடம் இருவரும் வேறு வேறு பள்ளிக்கூடம்.

"அதால தான் இந்தப் படிப்புப் படிச்சனீயோ?" என்று மனைவி கேட்டாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மகள் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரத்தில் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. எங்களுக்கு வந்தது, எங்களிடமிருந்து போனது எல்லாம் இந்தப் பிள்ளையின் கையால்தானே போனது. மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது மருத்துவர் சொன்னதை மொழிபெயர்த்தவளும் இவள்தான், அப்போது வயது பதினொன்று.

"வேற என்னென்ன மாத்தினனீ?" என்று கேட்டேன்.

"சிலது" என்றாள்.

ஒன்றைத்தான் சொன்னாள். எங்கள் பழைய கட்டடத்தின் பராமரிப்பாளர் ஒருநாள் கதவைத் தட்டி நீண்ட நேரம் ஏதோ சொன்னார். மாடிப்படியைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு நன்றி சொல்கிறார் என்று அவள் எனக்குச் சொன்னாள். நானும் சந்தோசப்பட்டு அவருக்கு இரண்டு கையாலும் கை கொடுத்தேன். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அன்று சொன்னதை ஆரணி இப்போது சரியாக மொழிபெயர்த்தாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

எங்களை நோகாமல் வைத்திருப்பதற்காக ஒரு சின்னப் பிள்ளை இந்த ஊர் எங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தன்னோடு வைத்திருந்திருக்கிறாள். நாங்களோ, பிள்ளை நல்ல கெட்டிக்காரி, வீட்டு அலுவல் முழுக்க அவள்தான் என்று சொந்தக்காரர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தோம். வளர வளர அவள் எங்களோடு குறைவாகக் கதைத்தபோது, இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் விலகிப் போகும் என்று நாங்களே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

யாப்பின் ஆறாவது பிரிவு அன்று மொழிபெயர்க்கப்படவில்லை.

5

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். ஆறாவது பிரிவை நீக்க வேண்டும் என்று நான் பிரேரணை வைத்தேன். பழைய ஆட்கள் எதிர்ப்பார்கள், இங்கே பிறந்த பிள்ளைகள் ஆதரிப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். குணம் அண்ணையிடமிருந்துதான் பெரிய எதிர்ப்பு வரும் என்று பயந்து, பதில்களைக்கூட எழுதிக்கொண்டு போனேன்.

முதலில் கை தூக்கி ஆதரித்தவர் குணம் அண்ணை. மெதுவாக எழுந்தார். தன் மகன் கட்டியது இத்தாலியப் பிள்ளை என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"என்ர யாப்பின்படி என்ர பேரனே இஞ்ச விளையாடேலாது. ஏழு வருசமா அவனை நான் இந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வரேல்ல. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். ஏழு வருடமாக ஒவ்வொரு கிழமையும் அவரோடு அதே மைதானத்தில் நின்றவன் நான்.

எதிர்த்தவன் நிரோஷன். எங்கள் உதைபந்தாட்ட அணியின் தலைவன். இங்கே பிறந்தவன், வங்கியில் வேலை. தமிழை விட டொச்சில் நன்றாகக் கதைப்பான். அன்று தமிழில்தான் கதைத்தான்.

"அங்கிள், வேலையில நான் வெளிநாட்டான். இராணுவப் பயிற்சியில வெளிநாட்டான். சுவிஸ் கிளப்பில பன்ரண்டு வருசம் விளையாடினனான், எங்க இருந்து வந்தனீ எண்டு இண்டைக்கும் கேக்கினம். இஞ்ச வந்தால்தான் ஒருத்தரும் கேக்கிறேல்ல. இந்த ஒரு இடத்தையும் ஏன் பறிக்கிறீங்கள்?"

பின்னால் இருந்த இளையவர்கள் பலர் மேசையில் தட்டினார்கள். இது எனக்கு அடுத்த அதிர்ச்சி. 2009இல் நிலக்கீழ் மண்டபத்தில் நாங்கள் உணர்ந்ததை, யுத்தத்தைக் கண்ணால் காணாத பிள்ளை ஒன்று என் முகத்துக்கு நேரே சொல்கிறது. அவன் சொன்னதில் பொய் இல்லை. எழுதிக்கொண்டு போன பதில்கள் எல்லாம் முதியவர்களுக்கானவை.

அதனால் செலாமின் கதையைச் சொன்னேன். மகளின் பெயரைச் சொல்லாமல் சொல்லத்தான் நினைத்தேன். ஆரணியே பின் வரிசையில் இருந்து, அந்தக் கடிதத்தை எழுதியது தான் என்றாள். அந்த வருடம் அஞ்சலோட்டம் ஓடிய நால்வரில் ஒருத்தி, இப்போது வலைப்பந்தாட்டப் பயிற்சி கொடுப்பவள், கையைத் தூக்கிக் கேட்டாள்.

"செலாமுக்கு இப்பவாவது சொல்லிட்டீங்களோ?"

இல்லை என்றேன்.

"அப்ப எங்களுக்கு ஏன் முதல் சொல்லுறீங்கள்?"

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு நடத்த யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

6

கூட்டத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு கிழமை கழித்துத் திரும்பவும் கூடினோம். ஆறாவது பிரிவு நீக்கப்பட்டது. மயிரிழையில்தான். நிரோஷன் எதிர்த்தே வாக்களித்தான், ஆனாலும் கழகத்தை விட்டுப் போகவில்லை. விரும்பிய யாரும் விளையாடலாம், பயிற்சி தமிழில் நடக்கும் என்று புதிதாக எழுதிய பிரிவின் இரண்டாவது பாதி அவன் கேட்டு வாங்கியது. அது நல்ல யோசனை என்று ஆரணியும் சொன்னாள். வேறு இருவர் விலகிவிட்டார்கள். பிராவ் கெல்லர் யாப்பை வாசித்துவிட்டு மைதானத்தைத் தந்தார். கூடக் கொடுத்த ஒரு பக்கத்தில் நடந்தது முழுவதையும் எழுதியிருந்தோம். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கை கொடுக்கும்போது மட்டும் வழமையை விடக் கொஞ்சம் கூட நேரம் பிடித்திருந்தார்.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையில்தான் நானும் ஆரணியும் லுசேர்ண் நகரத்துக்குப் போனோம்.

செலாம் அங்கே ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறாள் என்று பழைய வகுப்பு நண்பர்கள் மூலம் ஆரணி கண்டுபிடித்தாள். குறுஞ்செய்தி அனுப்பினாள். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள், மத்தியான இடைவேளையில் அரை மணித்தியாலம் தரலாம் என்று வந்தது.

ரயிலில் போகும்போது மகளிடம் ஒன்று சொன்னேன். நான்தான் கதைப்பேன், டொச்சில், நீ குறுக்கே வரக்கூடாது என்று. இரண்டு கிழமை அந்த வசனங்களை எழுதி, தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹோட்டலின் கருநீலச் சட்டையோடு ஒரு பெண் வந்தாள். தெருவில் கண்டிருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திராது. அவள் என் மனைவியின் சுகத்தைத்தான் முதலில் விசாரித்தாள். ரோல்ஸ் இன்னும் செய்கிறாரா என்றாள். அதிலேயே நான் பேச்சைத் தொடங்கிவிட்டேன். பழகின வசனங்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

நீ மெதுவாக ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். மெதுவுக்கு டொச்சில் லாங்சாம். நான் லாங்வைலிக் என்றுவிட்டேன். அதற்கு அர்த்தம் சலிப்பூட்டுவது. நீ சலிப்பூட்டும் ஆள் இல்லை, ஒருநாளும் இல்லை, நான்தான் அப்படி எழுதினேன் என்று மூன்று தரம் சொன்னேன். செலாம் குழம்பிப்போய் ஆரணியைப் பார்த்தாள். ஆரணி வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னபடியே இருந்தாள். பிறகு செலாமே, லாங்சாம்? என்று கேட்டாள். ஓம் என்று தமிழிலேயே சொன்னேன்.

அதன் பிறகு சரியாக வந்தது. நேரம் எடுத்தவன் நான், நீ முதலாவது, உன்னைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் நீ தமிழ்ப்பிள்ளை இல்லை என்பது மட்டும்தான் என்று சொன்னேன். கடிதத்தை யார் எழுதியது என்பதை ஆரணி சொன்னாள்.

செலாம் பிறகு சொன்னதை எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

"தமிழ்ப்பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தால் ஒரு கிழமை அழுதிருப்பேன். பிறகு கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தோடேயே போய் நகரத்துக் கழகத்தில் ஓடியிருப்பேன். அப்படியான பேச்சு எங்களுக்குப் பழக்கம். ஆனால் ஐந்தாவது என்றதை நான் நம்பினேன். பயிற்சியில் எப்போதும் நான்தானே முன்னுக்கு வந்தேன், அது எப்படி என்று யோசித்தேன். நான் விருந்தாளி என்று நீங்கள் எல்லோரும் எனக்காக மெதுவாக ஓடியிருக்கிறீர்கள் என்று முடிவு செய்தேன்."

அதைக் கேட்டு ஆரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாராவது தன்னைப் பாராட்டினால், இவர்களும் இரக்கத்தில் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும் என்றாள் செலாம். அம்மா ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து வாங்கித் தந்திருந்தாராம். ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாளாம். கோபமாகச் சொல்லவில்லை. பதிவுப் புத்தகத்தில் விபரம் எழுதுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

எவ்வளவு நேரத்தில் ஓடினேன் என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடிகாரம் பிழையோ என்று தட்டிப் பார்த்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றேன். அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

மகள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பிழை முழுக்க என்னுடையது, அவளை மன்னித்துவிடு, அவளுக்கு அப்போது பதின்மூன்று வயதுதான் என்று செலாமிடம் சொன்னேன்.

"எனக்கும் பதின்மூன்று வயதுதான்" என்றாள் அவள்.

எழுந்து சட்டையை நேராக்கிக்கொண்டாள். ஆரணியின் தோளில் ஒரு கணம் கையை வைத்தாள், எடுத்தாள். ஆரணியின் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஹோட்டல் பக்கம் நடந்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை அவள் எங்கள் மைதானத்துக்கு வரவில்லை. வருவாள் என்று நான் யாருக்கும் சொல்லவும் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் நானும் மகளும் எதிரெதிரே இருந்தோம். சூரிச்சில் வண்டி மாறி ஏறி, ரயில் வெளிக்கிட்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருடமும் தனக்கு அப்போது பதின்மூன்று வயதுதானே என்று நினைத்து நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாளாம். செலாமுக்கும் அதே வயது என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லையாம்.

யோசனையில் அதை முதலில் டொச்சில்தான் சொன்னாள். பிறகு, எனக்கு விளங்கியிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் இன்னொரு தரம் சொன்னாள்.

எனக்கு முதல் தரமே விளங்கியிருந்தது.